வானம்பாடிக்கு ஊசி வைத்தியம்

புது வருஷத்து ஐந்தாம் நாள், தெருவில் எவனோ கொளுத்திப் போட்ட சரவெடிக்கு மிரண்டு எங்கள் வீட்டு வானம்பாடி கூண்டுக் கம்பியில் போய் மோதிக் கீழே விழுந்தது. என் கணவர் தெஷெங் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பறவையின் முன்னால் யாரும் கத்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்த நேரத்திலும் மனுஷன் சட்டத்தை மீறவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அலறினேன்.

பெய்ஜிங்கில் வானம்பாடி வளர்க்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவளைக் கேட்டால் தெரியும் இந்தக் கொடுமை. அந்தப் பறவை பதின்மூன்று குரல் பாட வேண்டும். சிட்டுக்குருவிக் கூட்டம், மாக்பை என்கிற நீளவால் காக்கை, தூக்கணாங்குருவி, முட்டையிட்ட கோழி, பூனை, நாய்க்குட்டி என்று வரிசையாக வந்து பருந்தில் முடிய வேண்டும். ஒன்று குறையக் கூடாது, வரிசை மாறக் கூடாது. முக்கியமாக, வேறொன்று கூடவே கூடாது. கார் ஹாரனையோ செல்போன் மணியையோ அது கற்றுக்கொண்டு நடுவில் செருகிவிட்டால் போச்சு, 'வாய் அழுக்காயிடுச்சு' என்பார்கள். அப்புறம் அந்தப் பறவையை, வளர்க்கிறவர்கள் காலையில் கூண்டோடு கூடும் பூங்காவில் மற்ற கூண்டுகளுக்குப் பக்கத்தில் மாட்ட விட மாட்டார்கள். தங்கள் பறவையும் அதைக் கேட்டுக் கெட்டுவிடுமே என்ற பயம்.

அதனால் என் வீட்டில் விசில் அடிக்கிற கெட்டில் கிடையாது. அழைப்பு மணி கிடையாது. தும்மல் வந்தால் நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். என் மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு அடங்கி நடந்ததில்லை! அந்தக் கடுப்பில்தான் அதற்குத் துரை என்று பேர் வைத்தேன். துரை சாப்பிட்டாச்சா, துரை எழுந்தாச்சா என்று கேட்டால் தெஷெங்குக்கு மூக்குமேல் கோபம் வரும்.

விழுந்த துரைக்கு இடது கால் தொங்கிப் போனது. விரல்கள் சுருண்டு, திறக்கவே இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, இடுப்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

வேறு பறவையாக இருந்தால் ஒற்றைக் காலோடு காலம் தள்ளிவிடும். வானம்பாடி அப்படியில்லை. கூண்டின் நடுவில் காளான் மாதிரி ஒரு மரமேடை இருக்கும். அதன்மேல் தாவி ஏறி, இரண்டு காலையும் ஊன்றி, சிறகை விரித்துக்கொண்டுதான் பாடும். கீழே நின்று பாடாது. மேடை இல்லையென்றால் பாட்டு இல்லை. துரையும் விடாமல் முயற்சி செய்தது. ஒற்றைக் காலில் தாவும், விளிம்பில் இடித்து மணலில் விழும், எழுந்து மறுபடி தாவும். ஒரு வாரம் கழித்து அந்த முயற்சியும் நின்றது. முட்டை மஞ்சள் கலந்த பயற்றமாவைத் தொடவில்லை. இந்தப் பக்கம் தெஷெங்கும் நூடுல்ஸைக் கிண்ணத்திலேயே ஊறவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேம்பாலத்துக்குக் கீழ ஒரு கிளினிக் இருக்காம். நாய்க்கும் பூனைக்கும் அக்குபங்சர் ஊசி குத்தி நடக்க வெக்கறாங்களாம். துரையைத் தூக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன்.

"ஊசியா? அது இருக்கற இருப்புக்கு இந்தப் பக்கம் குத்தினா அந்தப் பக்கம் வந்துடும்டி ருயுன்!"

"நீங்க என்ன டாக்டரா? உங்களுக்கு வாத்தை வறுத்துத் தின்னத் தெரியும். பறவையைப் பத்தி அதுக்குமேல என்ன தெரியும்?"

"அங்க பூரா நாய்ங்க. பத்து நிமிஷத்துல வாய் கெட்டுடும்."

"வாயைத் தொறந்தாத்தானே கெடறதுக்கு! மேடை ஏறாம அது செத்துப் போச்சுன்னா சுத்தமான வாயோட பொதைச்சுட்டு வாங்க."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் வேலை செய்தது. அடுத்த நாள் மதியம் தெஷெங் கூண்டுக்கு நீலத் துணி உறை போட்டு எடுத்துக்கொண்டார். கூடவே, சட்டைக்குள் டேப்ரிக்கார்டர் ஒன்றையும் செருகிக்கொண்டார். பூங்காக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருக்கும் மெங் அண்ணனின் பறவை பாடிய பதின்மூன்று குரலும் அதில் பதிவாகியிருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் அதைச் சத்தமாக ஓட விட்டால் நாய்ச் சத்தம் துரையின் காதில் விழாதாம். என்ன மூளை! பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. பெஞ்சு முழுக்க ஆட்கள், ஆட்கள் மடி முழுக்கப் பிராணிகள். உருண்டை என்றொரு பெக்கிங் நாய் முதுகெல்லாம் ஊசியோடு முள்ளம்பன்றி போலத் தூங்கி வழிந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த தடித்த பெண்ணை எல்லோரும் உருண்டை அம்மா என்று கூப்பிட்டார்கள். அங்கே மனுஷருக்குப் பேர் கிடையாது. இடுப்பு விழுந்த ஒரு கிழட்டுப் பூனை, சாதுவான பெரிய மஞ்சள் நாய் ஒன்று, எல்லாம் ஊசியோடு அமைதியாகத்தான் கிடந்தன. எனக்கே ஆச்சரியம்.

தெஷெங் கூண்டை மூலையில் வைத்து டேப்பைத் தட்டினார்.

சிட்டுக்குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாக்பைக்கு இரண்டு நாய் காதைத் தூக்கின. கோழி கொக்கரித்ததும் மஞ்சள் நாய் எழுந்து நின்றது. அடுத்துப் பூனை வந்தது பாருங்கள்! அத்தனை நாயும் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன. நாய்க்குட்டி வீறிட்டதும் உருண்டை மடியிலிருந்து குதித்து, ஊசிகளை உதிர்த்துக்கொண்டே பெஞ்சுக்கடியில் ஓடியது. பருந்து கத்தியதும் இடுப்பு விழுந்த அந்தக் கிழட்டுப் பூனை ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறிவிட்டது. அதன் சொந்தக்காரர், "நடக்குது! ஐயோ, என் பூனை நடக்குது!" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து டாக்டர் லுவான் ஓடி வந்தாள். முப்பது வயசு இருக்கும், குட்டை முடி, காலில் ரப்பர் செருப்பு.

"பெரியப்பா! மொதல்ல அதை அணைங்க!"

"அணைச்சா என் பறவை வாய் கெட்டுடும்மா!"

"அணைக்கலேன்னா என் கிளினிக் கெட்டுடும் பெரியப்பா!"

டேப்பை நான்தான் பிடுங்கி அணைத்தேன். உருண்டை அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் பச்சைப்புல்லும் பற்றி எரிந்திருக்கும். டாக்டர் லுவான் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப் போயிற்று.

கடைசியில் அவளே வழி சொன்னாள். காலையில் கிளினிக் திறப்பதற்கு முன்னால், பின்பக்க மருந்து அறைக்குத் துரையைக் கொண்டு வர வேண்டும். நாய் இல்லை, பூனை இல்லை, பேச்சும் கிசுகிசுப்புதான். தெஷெங் குனிந்து வணங்கி நன்றி சொன்னார்.

முதல் நாள் ஊசியை எடுத்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன். லுவான் துரையை ஒரு கையில் மல்லாத்தாமல் கவிழ்த்துப் பிடித்து, இடுப்புக்கு மேலே இறகை ஊதி விலக்கினாள். முடி கனம்தான் ஊசி. முதலில் இடுப்பில், அப்புறம் தொடையில், முழங்காலுக்குக் கீழே. துரை ஒரு தடவை விருட்டென்று உதறியது. அப்புறம் இறகைப் புஸுபுஸுவென்று உப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

"செத்துடுச்சா?" என்றார் தெஷெங், சுவரைப் பார்த்தபடியே.

"தூங்குது பெரியப்பா. இப்ப நரம்பை எழுப்பறதுக்குக் கொஞ்சம் கரண்ட் குடுக்கணும்."

"கரண்டா! அந்தப் பொட்டி சத்தம் போடுமா?"

பாருங்கள் கேள்வியை! கரண்ட் என்றதும் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை, சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார். டிக் டிக் என்று ஓடும், முடிந்ததும் டீ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் என்றாள் லுவான். அதை நிறுத்த வழியில்லையாம். தெஷெங் தன் பஞ்சுக் கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போர்த்திவிட்டு, அந்தக் குளிரில் பனியனோடு நின்றார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை ஊசியை எடுத்ததும் லுவான் ஈர்க்குச்சியால் துரையின் இடது பாதத்தைத் தொட்டாள். சுருண்டு கிடந்த விரலில் ஒன்று மெல்லத் திறந்தது. குச்சியைத் தொட்டது. பிடித்துக்கொண்டது!

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தெஷெங் என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. லுவான் சத்தமில்லாமல் குதித்தாள். அன்றைக்கு அவர் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். அடுத்த வாரம் இரண்டு விரல், அப்புறம் கால் ஊன்றியது, அப்புறம் மணலில் நொண்டி நொண்டி நடந்தது. மேடையை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தது. எந்நேரமும் ஏறிவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

அப்போதுதான் மெங் அண்ணன் வந்தார். பூங்காவுக்குப் போகிற வழி, கையில் அவருடைய கூண்டு. "எப்படி இருக்கான் நம்மாளு?" என்று கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தேநீர் ஊற்றினேன். துரை உறைக்குள்ளேயிருந்து முணுமுணுத்தது. மேடை ஏறாமல் உரக்கப் பாடாது, ஆனால் தனக்குள்ளே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும். விழுந்ததற்கப்புறம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைக் கேட்டோம். குருவி, மாக்பை, தூக்கணாங்குருவி, கோழி என்று வந்தது. தெஷெங் முகம் மலர்ந்தது.

அப்புறம், தெளிவாக: டிக் டிக் டிக். டீ.

மெங் அண்ணன் தேநீரை அப்படியே வைத்தார். தன் கூண்டை வாரி எடுத்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். வீட்டுக்குள் பாம்பைப் பார்த்திருந்தாலும் அப்படி ஓடியிருக்க மாட்டார். அங்கே நின்றுகொண்டு கிசுகிசுத்தார்.

"தெஷெங், ஊசியை இன்னிக்கே நிறுத்து. இன்னும் ஆழமாப் பதியல. இருட்டுல வெச்சு டேப்பைக் கேக்க வெச்சா மறந்தாலும் மறக்கும். இன்னும் ஒரு தடவை அந்த மிஷின்கிட்டப் போச்சு, அவ்வளவுதான். அப்புறம் அதை எடுத்துக்கிட்டுப் பூங்காப் பக்கம் வந்துடாதே."

"பாதிக் காலோட நிறுத்தினா எப்படிண்ணே மேடை ஏறும்? எப்படிப் பாடும்?" என்றேன்.

"பாடாட்டிப் போகட்டும் தங்கச்சி. கெட்ட வாயோட பாடக் கூடாது. ஊர் சிரிக்கும்."

கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தலாம் போலிருந்தது. சாத்தினால் சத்தம் வருமே என்று மெதுவாகத்தான் சாத்தினேன்.

லுவானுக்குப் போன் செய்தோம். மிஷின் இல்லாமல் வெறும் ஊசியால் இந்த நரம்பு அசையாது, இப்போது நிறுத்தினால் கால் இப்படியே விறைத்துவிடும் என்றாள். தெஷெங் போனை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பூங்கா அவருக்கு வெறும் பூங்கா இல்லை, எனக்குத் தெரியும். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபின் காலையில் எழுந்து போக அவருக்கு இருந்த ஒரே இடம் அது. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்த இடம்.

கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் விடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நானே கூண்டைத் தூக்கினேன். வாசலில் வந்து குறுக்கே நின்றார்.

"வெச்சிடு."

"தள்ளுங்க."

"ருயுன், நான் சொல்றதக் கேளு. அது சுத்தமான பறவை. பதினோரு வருஷம். ஒரு தப்புக் குரல் கெடையாது. நான் ராத்திரி பகலா..."

"உங்க பதினோரு வருஷத்தைக் கொண்டுபோய் அந்த மெங்கோட தேநீர்ல கரைச்சுக் குடிங்க! அது நிக்கணும்னு நெனைக்குதுங்க. உங்களுக்கு அது தெரியலியா? உங்களுக்குப் பாட்டுதான் முக்கியம், அதுவும் அந்த நாலு கெழவனுங்க கேக்கற பாட்டு!"

"உனக்கென்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது! தும்மக்கூடத் தெரியாது எனக்கு இந்த வீட்டுல!"

இரண்டு பேரும் கத்தினோம். கிசுகிசுப்பிலேயே கத்தினோம், எங்கள் தலையெழுத்து அது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் ஏறிவிட்டது. என் கையில் இருந்த கூண்டு ஆடியது. உறைக்குள் தொம்மென்று ஒரு சத்தம். மறுபடி தொம். தெஷெங் உறையை விலக்கினார்.

துரை மேடையைப் பார்த்துத் தாவிக்கொண்டிருந்தது. இடது கால் விளிம்பைத் தொடும், வழுக்கும், மணலில் விழும். எழுந்து சிறகை உதறும். தாவும். எங்கள் சண்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மார்பு இறகு கொட்டி நெஞ்சில் லேசாக ரத்தம் தெரிந்தது. அப்படியும் தாவியது.

தெஷெங் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பஸ் வேணாம். லேட்டாயிடுச்சு, டாக்ஸி புடி" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் நிரம்பி வழிந்தது. பின்பக்க அறையில் ஏதோ நாய்க்கு ஆபரேஷன். "பெரியப்பா, இன்னிக்கு எடமில்லியே, நாளைக்கு விடியக்காலைல..." என்றாள் லுவான். "இங்கியே குத்தும்மா" என்றார் தெஷெங். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அத்தனை நாய்க்கும் பூனைக்கும் நடுவில், வரவேற்பு மேஜைமேல் துரைக்கு ஊசி ஏறியது. பெட்டி டிக் டிக் என்று ஓடியது. தெஷெங் கோட்டைக் கழற்றவில்லை. சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ என்றது. ஊசியை எடுத்துத் துரையைக் கூண்டில் விட்டாள் லுவான்.

அது உடம்பை உதறியது. மேடையைப் பார்த்தது.

"ஷ்ஷ்!" என்றாள் உருண்டை அம்மா, தன் நாயின் வாயைப் பொத்திக்கொண்டே. அவளைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் நாயின் வாயைப் பிடித்தார்கள். அன்றைக்கு டேப் போட்டுக் கலாட்டா செய்தவர்களுக்காக!

துரை தாவியது. விழுந்தது. மறுபடி தாவியது. வலது கால் மேடையில் பதிந்தது. இடது கால் விளிம்பில் வழுக்க, சிறகை அடித்துக்கொண்டே விரல்களை விரித்தது. பிடித்தது! ஏறிவிட்டது! இரண்டு காலையும் ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டது!

சிறகை விரித்தது. சிட்டுக்குருவிக் கூட்டம் கொட்டியது. மாக்பை, தூக்கணாங்குருவி, கோழி. எத்தனை நாள் அடைத்து வைத்த குரல் அது! கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அப்புறம் முழுக் குரலில், எந்த வெட்கமும் இல்லாமல்: டிக் டிக் டிக், டீ!

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. துரை நிறுத்தவில்லை. பூனை, நாய்க்குட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் நாய் வாயை விடுவித்துக்கொண்டு குரைத்தது. துரை அதற்கு மேலே குரலை ஏற்றியது. பருந்தில் கொண்டுபோய் முடித்தது.

"சபாஷ்!"

பக்கத்தில் இடி விழுந்த மாதிரி இருந்தது. தெஷெங்! நாடகக் கொட்டகையில் கத்துகிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க, "சபாஷ்டா! சபாஷ்!" என்று கத்தினார். அத்தனை நாயும் சேர்ந்து குரைத்தன. நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. லுவான் இந்தத் தடவை சத்தமாகவே குதித்தாள். துரை அந்தக் களேபரத்தின் நடுவில் மேடையை விட்டு இறங்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தது.

உருண்டை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "எல்லாம் குருவி கோழின்னு புரியுது. நடுவுல டிக் டிக்குன்னு ஒண்ணு வருதே, அது என்னண்ணே?"

"அதுவாம்மா?" என்றார் தெஷெங், கூண்டு உறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அது அதோட காலும்மா."